பரிவட்டத்துக்குக் குனிந்த தலை

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல. ஆர்டர் கொடுத்து வந்தது. கோலாலம்பூரில் தன்முன்னேற்றப் பயிற்சி நடத்தும் எட்ரியன், தலைமைத்துவம் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்.

"மூனு சாப்டர் ரெடி லா. நாலாவது மட்டும் நீங்க எழுதிக் குடுங்க" என்றார்.

முதல் அத்தியாயத்தில் கடாரத்துக்குக் கப்பல் விட்ட சோழ அரசன். (துடுப்புப் போட்டவர்கள் யாரென்று அதில் இல்லை.) இரண்டாவதில், கடைப்பையனாக வந்து வங்கி முதலாளியான ஒரு செட்டியார். மூன்றாவதில் மகாபலியிடம் மூன்றடி மண் கேட்ட வாமனன். நாலாவது, உயிரோடு இருக்கும் தலைவர்: டத்தோ பட்டம் வாங்கிய குகனேஸ்வரன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்தில் பிறந்து, அதே தோட்டத்தை வாங்கிய கம்பெனிக்கு இயக்குநரானவர்.

மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தபோதே எனக்குச் சுருக்கென்றது. அதில் வாமனன் கடவுள் அல்ல, முதலீட்டாளர். 'சிறிதாகக் கேள், முழுதாக எடு' என்று கட்டம் கட்டி அச்சடித்திருந்தார்கள். மகாபலி என்ன ஆனான்? அவனுக்கு ஒரே வரி: 'களத்திலிருந்து விடைபெற்றான்.' தலைமேல் காலை வைத்து மண்ணுக்குள் அழுத்தியதற்குப் பெயர் விடைபெறுதலாம்!

இருந்தாலும் சம்மதித்தேன். எழுதவும் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'பச்சைக் கம்பளம் விரித்த மலைச்சரிவில், பனியினூடே ஒரு சிறுவன்...'

(அடித்துவிட்டேன். தேயிலைக்காட்டைக் கம்பளம் என்பவன் மழையில் அதற்குள் இறங்கி நடந்திருக்கமாட்டான்.)

இரண்டாவது தொடக்கம்: 'டத்தோவின் அப்பா தோட்டத்து லோரி டிரைவர். மகன் பெரிய ஆளாக வரவேண்டும் என்று அவர்...'

(இதுவும் வேண்டாம். அவர் என்ன நினைத்தார் என்று யாருக்குத் தெரியும்?)

மூன்றாவது தொடக்கம்: 'ரஞ்சிதத்துக்குக் கோயில் தலைவராக வேண்டும் என்று ஆசை.'

இது நிற்கட்டும். எட்ரியன் புத்தகத்தில் இந்த ஆசைக்கு லட்சியம் என்று பெயர். லயத்தில் ஒரு பெண்ணுக்கு வந்தால் அதற்குத் திமிர் என்று பெயர். அங்கேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. இனி டத்தோவுக்கு இந்தக் கதையில் முதல் இடம் கிடையாது.

3

ரஞ்சிதம் கொழுந்து வெட்டும் கும்பலுக்குக் கங்காணி. வங்காளதேசத்து ஆட்கள் அவள் ஒரு சத்தம் போட்டால் மலை ஏறுவார்கள், இன்னொரு சத்தம் போட்டால் இறங்குவார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் கூட்டத்தில் மட்டும் அவள் சத்தம் எடுபடாது. பெண்களுக்கு அங்கே சமையலும் கோலமும்தான். தலைவர் பதவி காளியண்ணனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. அவர் ஆட்சியில் கோயிலுக்குப் புதுத் தகரக்கூரை வந்தது. அதுவும் ஒழுகும்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழா அன்று அம்மன் பாதத்தில் வைத்த பட்டுத்துணியைக் கோயில் தலைவர் எடுத்து, தோட்டத்துக்குப் பெரியவர் எவரோ அவர் தலையில் பரிவட்டம் கட்டுவார். கட்டிக்கொண்டவரிடம் ஜனங்கள் ஒன்றே ஒன்று கேட்கலாம். அவர் மறுக்கக்கூடாது. வெள்ளைக்காரத் துரையிடம் இப்படிக் கேட்டுத்தான் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்ததாம்.*

* அதே துரை கூலியில் ஒரு காசும் கூட்டவில்லை. குழாய் மட்டும் கதையாகி நிற்கிறது.

போன வருஷம், தோட்டத்தில் ரிசோர்ட் வரப்போகிறது, லயத்தை உடைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கோயில் கூட்டத்தில் ரஞ்சிதம் எழுந்தாள்.

"இந்த வருசம் மேனேஜருக்குக் கட்ட வேணாம். டத்தோவ கூப்புடுவோம். அவரு நம்ம லயத்துல பொறந்தவரு லா. அம்மா முன்னால நின்னு, லயத்த ஒடைக்காதீங்கன்னு கேட்டுருவோம். மாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல?"

"யாரு கேக்கறது?" என்றார் காளியண்ணன்.

"நான் கேக்கறேன்."

இந்த இடத்தில் உங்களில் யாராவது சிரித்தால் தயவுசெய்து புத்தகத்தை மூடிவிடுங்கள். வக்கீலைப் பார்க்காமல் அம்மனையா பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். கோட்டுப் போட்டவர்கள் கையெழுத்தை நம்புகிறார்கள். இவர்கள் பரிவட்டத்தை நம்பினார்கள். இரண்டிலும் வாக்குத் தவறியவன்தான் வெட்கப்பட வேண்டும். நமக்கோ அவனை விட்டுவிட்டு, நம்பினவளைப் பார்த்துச் சிரித்தே பழக்கமாகிவிட்டது.

டத்தோ வந்தார். குனிந்தார். காளியண்ணன் பரிவட்டம் கட்டினார். ரஞ்சிதம் எதிரே வந்து கைகூப்பினாள். மலையில் போடும் சத்தமெல்லாம் எங்கோ போயிருந்தது.

"டத்தோ, எங்க லயத்த எடுத்துறாதீங்க. எங்களுக்கு வேற போக்கெடம் இல்ல."

"அக்கா, இது நான் பொறந்த மண்ணு. நான் இருக்கற வரைக்கும் யாரும் தொட முடியாது" என்றார் டத்தோ. அவர் கண் கலங்கியது.

4

அந்தக் கண்ணீர் பொய் என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம். அப்படித்தான் ஒரு பிரதி எழுதினேன்: 'கைக்குட்டைக்குள் அவர் சிரித்துக்கொண்டே...'

இல்லை. கிழித்துவிட்டேன். அந்த மனிதர் உண்மையாகவே அழுதார் என்றுதான் நினைக்கிறேன். பூசை முடிந்ததும் தான் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். அங்கே தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு கோலாலம்பூருக்குப் போய்த் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மனுஷன் மனம் உருகிக்கொண்டே கழுத்தை அறுக்கிறான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திட்டம் இதுதான். கோயில் இருக்கும், சுற்றுப்பயணிகள் படம் எடுப்பார்கள். டத்தோ பிறந்த வீடு இருக்கும், அது காப்பிக்கடை ஆகும். மற்ற வீடுகள் போகும். ஆட்கள் அணைக்குக் கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தில் அடுக்குமாடிக்குப் போக வேண்டும். 2013-இல் அணையைத் திறந்துவிட்டபோது சேறு வந்து புகுந்த இடம். அம்மனுக்கு இடம் உண்டு, டத்தோவின் பழைய சுவருக்கு இடம் உண்டு, அம்மனுக்குப் பொங்கல் வைப்பவர்களுக்கு இடம் கிடையாது.

பிரிஞ்சாங் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பிய பக்கத்து வீட்டு லூர்தம்மாள்தான் முதலில் பார்த்தாள். காய்கறிப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"ரஞ்சி, ரோட்டு மொனையில பெரிய போர்டு வச்சிருக்கானுங்க. அதுல ஒன் படம் போட்டிருக்கு. போய்ப் பாரு."

ரஞ்சிதம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். பலகையில் ரிசோர்ட்டின் வரைபடம். அதன் மேல் பரிவட்டத்தோடு டத்தோ. எதிரே கைகூப்பி நிற்பது அவளேதான். கீழே, 'தோட்ட மக்களின் நல்லாசியுடன்.'

லயத்தை எடுக்காதே என்று கும்பிட்ட கையை, லயத்தை எடுக்க ஆசி கொடுத்த கையாக ஆக்கியிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. அவள் நனைந்தபடி அங்கேயே நின்றாள். தன் கையைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

5

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் அவள்மேல் பாய்ந்தார்கள். "எல்லாம் ஒன்னாலதான்!" என்று கத்தினார் காளியண்ணன். "மேனேஜருக்குக் கட்டிட்டு செவனேன்னு இருந்திருப்போம். இப்ப மூஞ்சிய எங்க வச்சிக்கறது? எனக்கு இந்தப் பதவியே வேணாம். ஒனக்குத்தான ஆசை? நீயே இருந்துக்க."

கூட்டமும் தலையாட்டியது. இத்தனை வருஷமாக அவள் ஆசைப்பட்ட பதவி, பழி சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது அவள் தலையில் வந்து விழுந்தது. எட்ரியன், இதற்கு உங்கள் புத்தகத்தில் அத்தியாயம் உண்டா?

இந்த வருஷத் திருவிழாவுக்கும் டத்தோ வருவதாகச் சொல்லி அனுப்பினார். எட்ரியன் போடும் புத்தகத்தின் அட்டைக்குப் பரிவட்டப் படம் வேண்டுமாம். காளியண்ணன் ரஞ்சிதத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார். இந்தமுறை குரல் இறங்கியிருந்தது.

"கோவப்படாம கேளு. கட்டி விட்டா ஸ்கூல் லீவு வரைக்கும் டைம் தர்றேங்கறாங்க கம்பெனியில. கட்டலன்னா மறுநாளே சாமான ஏத்தி வீட்ட காலி பண்ண லோரி வருமாம். புள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்க போறது?"

"கட்டுனா மறுபடியும் நாமதான் ஆசி குடுத்தோம்னு போர்டு வப்பான்."

"அப்ப என்னா செய்யச் சொல்ற?"

 அதே கேள்வியைத்தான் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

6

திருவிழா. உறுமிமேளம் நிற்கிறது. ரஞ்சிதம் அம்மன் பாதத்திலிருந்து பட்டுத்துணியை எடுத்துவிட்டாள். டத்தோ எதிரே வந்து குனிகிறார். படம் எடுப்பவர் ஒரு கண்ணை மூடுகிறார். இனி முடிக்க வேண்டும்.

முடிவு ஒன்று, எட்ரியனுக்காக: டத்தோ மனம் மாறித் திட்டத்தைக் கிழிக்கிறார். (எழுதும்போதே கை கூசுகிறது. உலகில் எந்தக் கம்பெனி...)

முடிவு இரண்டு: ரஞ்சிதம் துணியை அவர் முகத்தில் எறிகிறாள். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. (நீங்களும் நானும் கைதட்டிவிட்டுத் தூங்கப் போவோம். மறுநாள் லோரி அவள் வாசலுக்குத்தான் வரும்.)

முடிவு மூன்று: பரிவட்டத்தைத் தன் தலையிலேயே கட்டிக்கொள்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகப்படுகிறேன். பரிவட்டம் கட்டியவரிடம் ஜனங்கள் ஒன்று கேட்கலாமே. லயத்தைக் காப்பாற்று என்று அவளிடம் கேட்டால், பாவம், அவள் எங்கே போவாள்?

முடிவு நான்கு: அவள் கட்டி...

இல்லை. அதை என் கையால் எழுதமாட்டேன்.

நேற்று எட்ரியனுக்குப் போன் போட்டு இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"ஐயோ, நெகட்டிவ் வேணாம் லா" என்றார். "சீக்கிரம் முடிச்சி குடுங்க. டத்தோ வெய்ட் பண்றாரு."

காத்திருக்கட்டும். காத்திருந்து அவருக்குப் பழக்கமில்லை, இனிப் பழகட்டும். அரசர்களுக்கும் முதலாளிகளுக்கும் வாமனர்களுக்கும் இதுவரை எல்லாரும் கதையை முடித்துக் கொடுத்தாயிற்று. நான் கொடுப்பதாக இல்லை. அடுத்த வரி இல்லையென்றால் மறுநாள் இல்லை. மறுநாள் இல்லையென்றால் லோரி மலை ஏற முடியாது. ஓர் எழுத்தாளனாக இந்த லயத்துக்கு என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான். இது போதாது என்று எனக்கே தெரியும். அதனால்தான் இவ்வளவு கோபம்.

துணி ரஞ்சிதத்தின் கையில் இருக்கிறது. டத்தோ குனிந்தே நிற்கிறார். கழுத்து வலிக்கத் தொடங்கியிருக்கும். அவரை நிமிர்த்த வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் பேனாவை எடுத்து அடுத்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் முன், அவர் நிமிர்ந்தால் யார் வீடு போகும் என்று ஒருமுறை ரஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.