ஒரு ஜோடிக்கு ஒரே தட்டு

முக்கூடலிலிருந்து போன் வந்தபோது சித்ரலேகா தன் தங்கையின் முகத்துக்கு வர்ணம் குழைக்க உட்கார்ந்திருந்தாள். தங்கை என்றால் மூன்று அங்குலத் தங்கை. கோயம்புத்தூரில் அச்சில் வார்த்துச் சாம்பல் நிறத்தில் வருகிற பொம்மைகளுக்கு எண்ணெய் வர்ணம் பூசி, கல்யாண வரவேற்பில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கக் கொடுப்பது அவள் தொழில். பாளையங்கோட்டையில் பாதிக் கல்யாணத்துக்கு அவள் பொம்மைதான். ஊருக்கெல்லாம் செய்கிறவள் சொந்தத் தங்கைக்குச் செய்யாமல் இருப்பாளா? தேன்மொழியும் மாப்பிள்ளை பெருமாள்ராஜும் கைகோத்து நிற்கிற மாதிரி வரவழைத்திருந்தாள்.

போனில் மாப்பிள்ளையின் அம்மா இசக்கியம்மா.

"தாயி, பொம்ம வேலை எப்படிப் போவுது?"

"நடக்கு அத்தே. இன்னைக்கி முகம் போடுதேன்."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். பொண்ணு பொம்மைக்கி மட்டும் கொஞ்சம் நெறம் கூட்டிப் போடு. எங்க சனம் பூராம் வரும்லா. அந்தப் பொம்மையைக் கிட்ட வந்து பாப்பாவ. நான் சொன்னேன்னு தேன்மொழிட்ட சொல்லிக்கிடாத, புள்ளை வருத்தப்படும்."

வருத்தப்படும் என்று தெரிந்தே சொல்கிறவர்களை என்ன செய்வது? சித்ரலேகா "சரி அத்தே" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று உறைத்தது.

தேன்மொழிக்கு முன்னால் வந்த இடங்களெல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்று செருப்பை மாட்டியவைதான். என்ன கலந்து பேசினார்கள் என்பது தரகர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெருமாள்ராஜ் அப்படி வந்தவன் இல்லை. தேன்மொழி சர்வேயர், வயல் வயலாக வெயிலில் நடக்கிற உத்தியோகம். அவன் நிலத்தை அளக்கப் போன இடத்தில், தலையில் துண்டும் முகமெல்லாம் வேர்வையுமாக அவளைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஆள் அனுப்பினான். "இவரு ஒருத்தருதாங்க்கா என்னை வெயில்ல வச்சுப் பாத்துட்டுக் கேட்டவரு" என்று தேன்மொழி சொன்னபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை அக்கா அதற்கு முன் பார்த்ததே இல்லை. போன் விஷயத்தைச் சொன்னால் அந்த நிம்மதி போகும். கல்யாணமே போனாலும் போகும். சொல்லாமல் பூசினால், அந்தக் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் வந்து நிற்கப் போகிறவளும் தேன்மொழிதான்.

சித்ரலேகாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஜோடிக்கு ஒரே தட்டு. தட்டு என்பது வர்ணம் குழைக்கிற வெள்ளை டைல்ஸ் துண்டு. அதில் வெள்ளை, மஞ்சள் காவி, சுட்ட காவி, சிவப்பு, கொஞ்சம் நீலம். இதற்குள்ளேயே இரண்டு முகத்தையும் எடுத்தால்தான் இரண்டு பேரும் ஒரே வெளிச்சத்தில் நிற்பார்கள். ஆளுக்கொரு தட்டு வைத்தால், வேறு வேறு கல்யாணத்திலிருந்து பிடுங்கி வந்து நிறுத்தியது போலாகிவிடும். கறுப்புக் குழாயை முகத்துக்கு அவள் தொடுவதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு அதைக் கலந்து, முகம் பச்சை பாரித்து, ஆள் பிணம் போல வந்துவிட்டார். கறுப்பு கறுப்பு என்று ஊர் சொல்கிற அத்தனை முகத்தையும் சுட்ட காவியும் நீலமும்தான் தருகின்றன. இது தெரிந்து என்ன பிரயோசனம்? பெண் பார்க்க வருகிறவர்கள் டைல்ஸ் துண்டோடா வருகிறார்கள்?

இத்தனைக்கும் பெருமாள்ராஜ் கறுப்பில் தேன்மொழிக்குக் குறைந்தவன் இல்லை. ஒரு பிடி கூடத்தான்.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். இரண்டு பேரையுமே வெளுக்க வைத்துவிட்டால்? நீலத்தை வழித்துப் போட்டாள். சுட்ட காவியைக் குறைத்து வெள்ளையைக் கூட்டினாள். தட்டு ஒன்றுதான், வழக்கம் கெடவில்லை. அத்தைக்கும் திருப்தி. தங்கை கேட்டால், மேடை விளக்குக்காக இப்படி என்று சமாளித்துக்கொள்ளலாம். கோழைத்தனத்துக்குத்தான் எவ்வளவு சாமர்த்தியம் தேவைப்படுகிறது!

முடித்துப் படம் எடுத்து இசக்கியம்மாவுக்கு அனுப்பினாள். குரலிலேயே பதில் வந்தது.

"பொண்ணு மகாலெட்சுமி கணக்கா இருக்கா தாயி. ஆனா பயலை ஏன் இப்படி வெளுத்து வச்சிருக்க? சீக்குக்காரன் மாதிரில்லா இருக்கான். அவன் நெறம் அவனுக்கு இருக்கட்டும். ஆம்பளைப் புள்ளைக்கி என்ன."

சித்ரலேகாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. வந்து என்ன? பஞ்சுக் குச்சியை டர்பன்டைனில் நனைத்து மாப்பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள். எண்ணெய் வர்ணத்தில் அது ஒரு வசதி. காய நாளாகும், அதுவரை அழித்துவிட்டுத் திரும்பப் பூசலாம். முகம் போய் அடியிலிருந்த சாம்பல் வந்தது.

அந்த நேரம் பார்த்து தேன்மொழி வேலை முடிந்து வந்தாள். வந்தவள் மேசைப் பக்கம் குனிந்து பார்த்தாள். பொம்மையின் சேலை அவளுடைய முகூர்த்தச் சேலை, மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை. முகம் வேறு யாருடையதோ.

"மாப்பிள்ளை மூஞ்சியை ஏங்க்கா அழிச்ச?"

"சரியா வரலைட்டி."

"எம் மூஞ்சி சரியா வந்துட்டோ?"

சித்ரலேகா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முக்கூடல்லருந்து போன் வந்துச்சா?" என்று கேட்டாள் தேன்மொழி. பிறகு இன்னும் தணிந்த குரலில், "எனக்கு மட்டுமா, ரெண்டு பேருக்குமா?"

"உனக்கு மட்டும்."

தேன்மொழி அழவில்லை. அழுதிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பஞ்சுக் குச்சியை எடுத்துத் தன் முகத்தைப் பையத் துடைத்தாள். ஒரு கண் மிஞ்சியிருந்தது. அதையும் துடைத்தாள்.

"நீ சரின்னுட்டியாக்கா?"

"கல்யாணம் நின்னுரக் கூடாதேன்னுட்டி…"

"நின்னா நிக்கட்டும்னு நானும் சொல்லலை. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இது அவருக்குத் தெரிஞ்சு நடக்கா, தெரியாம நடக்கான்னு எனக்குத் தெரியணும்லா."

முகமில்லாத இரண்டு பொம்மைகளையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள். அதோடு தட்டிய வரிகளை அனுப்புமுன் அக்காவிடம் வாசித்துக் காட்டினாள். "எனக்கு நெறம் கூட்டச் சொல்லி உங்கம்மா சொல்லியிருக்காவ. உங்களுக்கு வேண்டாமாம். நீங்க என்ன சொல்லுதிய?"

வேண்டாம் என்று சொல்ல சித்ரலேகாவுக்கு வாய் வரை வந்தது. அதற்குள் செய்தி போய்விட்டது.

தேன்மொழி ஸ்டூலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். "எம் மூஞ்சியைப் போடு. போட்டோவைப் பாத்து இல்ல, என்னைப் பாத்து. அவரு மூஞ்சியை அவரு பதில் வந்த பொறவு போடுவோம்."

சித்ரலேகா டைல்ஸைத் துடைத்துப் பழைய குழாய்களையே மறுபடி பிதுக்கினாள். தலைத்துண்டு மறைத்த நெற்றிக்கு ஒரு நிறமும் வெயில் அடித்த கன்னத்துக்கு ஒரு நிறமும் இருந்தன. கூடவே வளர்ந்தும் இதை இதுவரை பார்க்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பூசினாள். சாய்கிற வெயில் இருக்கும்போதே முகம் வந்துவிட்டது. தேன்மொழியேதான்.

போனில் அவன் பார்த்துவிட்டதற்கான நீலக் குறி எப்போதோ விழுந்திருந்தது. பதில் இல்லை.

தூரிகையைக் கழுவும்போதுதான் சித்ரலேகா தட்டைக் கவனித்தாள். கைப்பழக்கம், இரண்டு பேருக்கும் போதுகிற மாதிரி குழைத்திருந்தாள். தேன்மொழியும் அதைப் பார்த்தாள்.

"இது எத்தனை நாளைக்கிக்கா காயாம இருக்கும்?"

"ரெண்டு மூணு நாள் தாங்கும்."

தேன்மொழி அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து வந்து, தூசி விழாமல் அந்த மிச்ச வர்ணத்தின் மேல் கவிழ்த்து வைத்தாள்.