மாத்திரையை நிறுத்தியவள்

...அதிலும் அந்தப் பாகற்காய்ச் சாறு, குடித்து இவ்வளவு தூரம் நடந்தும் நாக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, துப்பினால் அவர் திரும்பிப் பார்ப்பார், பார்த்தால் ஆரம்பிப்பார், ஆரம்பித்தால் அடி அண்ணாமலை கோயில் வரைக்கும் ஓயமாட்டார்... ஆதிலட்சுமி எச்சிலை விழுங்கிக்கொண்டாள். முன்னால் அவள் புருஷன் பரசுராமன் கையை வீசி வீசி நடக்கிறார், அவரைச் சுற்றி கிரிவலப் பாதையின் காலை நடைக்குழு, எல்லாரும் வெறுங்கால். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் ரிட்டையர் ஆனதும் மனிதருக்குக் கையில் போன் வந்தது, வாயில் வைத்தியம் வந்தது. விடிந்தால் குழுவுக்கு ஒரு குறிப்பு. வெந்நீரில் சீரகம் போடுங்கள், ராத்திரியில் தயிரைத் தொடாதீர்கள், நொறுங்கத் தின்றால் நூறு வயது. நொறுங்கத் தின்கிற லட்சணத்தை எதிரே உட்கார்ந்து பார்க்கிறவள் அல்லவா சொல்ல வேண்டும்? முளைகட்டின பயறு வாய்க்குள் கூழாகிக் கூழாகி, கடைவாயில் பச்சையாக நுரைத்து, அந்த வாயோடு அவளுக்கும் அறிவுரை... சீ! ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள், இவர் கால் வைத்தியன்கூட இல்லை, ஆனால் எத்தனை பேர் தலையாட்டுகிறார்கள்!

தலையாட்டுவது எதற்கு? அவளைக் காட்டித்தானே. "எங்க வீட்டம்மாவையே பாருங்க, சுகர் மாத்திரைய தூக்கிப் போட்டாங்க, பாகற்காய் ஜூஸு, வெறுங்கால் நடை, அவ்ளோதான்." பொங்கல் கழிந்து அவர்தான் நிறுத்தினார், மாத்திரை ஜாஸ்தி சாப்பிட்டா கிட்னி போயிடும் என்று. மலை சுற்றினால் உள்ளங்கால் நரம்பெல்லாம் முழித்துக்கொள்ளும், புண்ணியமும் சேரும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவளும் நம்பினாள், நம்பாமல் என்ன, செருப்போடு மலை சுற்றினால் பாவம் என்று பிறந்ததிலிருந்து கேட்டவள்தானே. சித்திரை வெயிலில் தார் சுட்டதா, கல் குத்தியதா, இன்றுவரை தெரியவில்லை. குளியலறைத் தரையில் ரத்தம் பார்த்துத்தான் வலது பெருவிரலுக்குக் கீழே புண் இருப்பதே தெரிந்தது. காட்டினாள். குனியக்கூட இல்லை அந்த மனிதர், நாற்காலியில் இருந்தபடியே, "கெட்ட நீர் வெளிய வருது, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு போனைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் சாக்ஸ் போட்டுக்கொண்டாள். சாக்ஸ் செருப்பாகாது என்று அவரும் விட்டுவிட்டார். இப்போது அந்த சாக்ஸ் ஊறிக் கனக்கிறது, முடை நாற்றம், துவைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, தன் உடம்பிலிருந்து வருகிற நாற்றத்துக்குத் தானே முகத்தைத் திருப்புகிற பிழைப்பும் ஒரு பிழைப்பா? இதை ஆஸ்பத்திரியில் காட்டினால் மாத்திரை எழுதுவார்கள், எழுதினால் அவர் மானம் போகும்... போகட்டுமே. போகட்டும் என்று சொல்ல வாய் வருகிறதே தவிரக் கால் என்னவோ அவர் பின்னால்தான் போகிறது.

"ஆன்ட்டி, உங்களப் பாக்கத்தான் இந்த குரூப்லயே சேந்தேன்." பக்கத்தில் ஓடிவந்து சேர்ந்தவள் கவிநிலா, குழுவுக்குப் புதுசு, கன்னம் நிறையச் சிரிப்பு. "எங்கம்மாவுக்கும் சுகருங்க. அங்கிள் ஃபேஸ்புக்ல போட்ட உங்க போட்டோவக் காட்டினேன். போன வாரத்துல இருந்து மாத்திரைய நிறுத்திட்டாங்க."

என்ன போட்டோ? தீபத் தூணுக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தாரே, அதுவா? அதில் இடுப்புக்கு மேலேதானே இருக்கிறாள்... இந்தப் பெண்ணின் அம்மா, முகம் தெரியாத ஒருத்தி, காலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பச்சைச் சாற்றை விழுங்குகிறாள், வெறுங்காலோடு படியிறங்குகிறாள், அவள் உள்ளங்காலிலும் ஒன்றும் உறைக்காது, ஒரு நாள் தரையில் சிவப்பாக... ஆதிலட்சுமி நின்றுவிட்டாள். மூடிக் கிடந்த சூப் கடை மேடையில் சட்டென்று உட்கார்ந்தாள்.

"ஆதி! உக்காராத, சூடு ஆறிடும், நடந்துகினே இரு!" முன்னாலிருந்து பரசுராமன் கத்தினார்.

அவள் சாக்ஸை உருட்டினாள். விரலருகே ஒட்டிக்கொண்டிருந்தது, வெடுக்கென்று இழுத்தாள், தோலும் கூடவே வந்தது. வெள்ளையும் மஞ்சளுமாக, ஓரமெல்லாம் கறுத்து... ஈ ஒன்று எங்கிருந்துதான் வந்ததோ. கவிநிலாவின் கை மூக்குக்குப் போனது, கண் மட்டும் அங்கேயே நின்றது. பொத்தட்டும், நன்றாகப் பொத்தட்டும், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டாள் அல்லவா. "உங்கம்மாவுக்கு போன் பண்ணு. இப்பவே. மாத்திரையப் போடச் சொல்லு, டாக்டரப் போய் பாக்கச் சொல்லு." கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது, நடுவில் அவர், முகத்தில் சிரிப்பு இன்னும் கலையாமல்.

கவிநிலா போனில் அம்மாவின் எண்ணைத் தேடினாள். "ஆன்ட்டி... வலிக்கலையா?"

"வலிக்கலம்மா. மரத்துப் போச்சு. வலிச்சிருந்தா அன்னிக்கே சத்தம் போட்டிருப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே சந்தேகம் வந்தது, போட்டிருப்பேனா?