கால் இரண்டும் மேலே

தம்பலகாமத்திலிருந்து வரும் வழி நெடுக வான் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. நகரத்துக்குள் நுழையும் இடத்திலிருந்த சோதனைச் சாவடி கண்ணில் பட்டதும் புவனலோசனி வேகத்தைக் குறைத்தாள். வான் குலுங்கியது. இருமுகிற மாதிரி ஓர் உதறல், பிறகு இன்னொன்று. அணைந்துவிட்டது.

பள்ளிக்கூடம் முடிந்து அவள் ஏற்றி வந்த ஆசிரியைகளின் பேச்சு பின்னால் பாதியில் அறுந்தது. மண்மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற சிப்பாய் துவக்கை நிமிர்த்தினான். சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த வருடம் அது; சாவடியின் முன்னால் தானாக நின்றுபோகிற வாகனத்தை எவரும் சும்மா பார்ப்பதில்லை. அவள் இரண்டு கைகளையும் வெளியே தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினாள். அவன் தலையசைத்த பிறகுதான் திறப்பைத் திருகி மறுபடி ஸ்டார்ட் செய்தாள். ஆசிரியைகள் சோதனைக்காக இறங்கி நடக்க, எஞ்சினை உறும விட்டபடியே சாவடியைக் கடந்தாள்.

பல நாட்களாக இதே கதைதான். வெளியில் எங்கும் நிற்காத வான், சாவடிகளைக் கண்டால் மட்டும் நிற்கிறது. அவளுடைய கணவன் சோமசேகரம் ஓட்டினால் அதுவும் இல்லை.

"பயப்பிடுறதில வெக்கம் ஒண்டுமில்லை, லோசனி," என்று அவன் சொல்லியிருந்தான். "ஆமியைக் கண்டதும் உனக்கே தெரியாமல் கால் கிளச்சை விட்டிடுது, அதுதான் எஞ்சின் நிக்குது. ஆரும் ஒரு றைவரைப் பிடிப்பம். நீ வீட்டில இரு."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பாள். அவன் பரிவோடு சொன்னதுதான் அவளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு ஒவ்வொரு சாவடியிலும் தன் இடது காலையே கவனித்தாள். கால் நடுங்கத்தான் செய்தது. தன் உடம்பிலேயே தனக்குச் சொல்லாமல் முடிவெடுக்கிற ஒருத்தி இருக்கிறாள் என்று நினைக்கும்போது நெஞ்சு கூசியது. வானில் பிழை இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிடுவதாகச் சம்மதித்தும் விட்டாள். அந்த வீதியும் ஸ்ரேரிங்கும் இல்லாத தன்னை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எஞ்சினை அடங்க விடாமலே ஆசிரியைகளை இறக்கிவிட்டு, நேரே ஓர்ஸ் ஹில் இறக்கத்திலிருந்த ஜமால்தீனின் கராஜுக்கு வந்தாள்; எல்லாருக்கும் அவன் 'நானா', அண்ணன். சோமசேகரம் வேலை செய்யும் கந்தோரிலிருந்து முன்னமே வந்து காத்திருந்தான்.

"வானில ஒரு பிழையும் இருக்காது, நானா," என்றான். "நான் ஓடேக்க ஒருநாளும் நிண்டதில்லை."

"நீங்க எங்க ஓடுறீங்க?"

"கந்தோருக்கு. பிறகு சந்தைக்கு."

"அதுவும் ஒரு ஓட்டமா? எஞ்சின் சூடாகிக் கண் முழிக்க முந்தி போய்ச் சேர்ந்திடுவீங்க." ஜமால்தீன் உள்ளே தலையை விட்டு முன்தட்டைப் பார்த்தான். "இதாரு, இங்க பொட்டு வச்சது?"

எஞ்சின் படம் போட்ட செம்மஞ்சள் விளக்கின் மேல் அவளுடைய ஒட்டுப்பொட்டு ஒன்று இருந்தது. விளக்கு எரியத் தொடங்கியபோது, பழைய வான் என்றால் அப்படித்தான் என்று சோமசேகரம் சொல்லியிருந்தான்.

"நான்தான் நானா. கண்ணுக்குள்ள குத்திக்கொண்டே இருந்தது."

"அது உங்களக் கூப்பிட்டிருக்கு. நீங்க வாயைப் பொத்தியிருக்கிறீங்க." பொட்டை உரித்து எறிந்தான். இடப்பக்க இருக்கையைத் தூக்கி, எஞ்சினருகே இருந்த சின்னப் பெட்டியின் இரண்டு துளைகளை ஒரு கம்பித்துண்டால் இணைத்தான். "ஸ்டார்ட் பண்ணாம சுவிச்ச மட்டும் போடுங்க தங்கச்சி. விளக்கு எத்தின தரம் மின்னுதெண்டு பாருங்க."

விளக்கு மின்னியது. பரீட்சை மண்டபத்தில் இருப்பவள்போல அவள் உதடுகளை அசைத்து எண்ணினாள். ஏழு மின்னல், ஓர் இடைவெளி, பிறகு ஒன்று. மறுபடியும் அதே மாதிரி.

"ஏழு. விட்டிட்டு ஒண்டு."

"நான் எட்டெண்டு நினைச்சன்," என்றான் சோமசேகரம், யன்னலுக்குள் கழுத்தை நீட்டியபடி.

"எட்டில்ல, எழுவத்தொண்டு. அது பிழையோட நம்பர். புகையத் திருப்பி அனுப்புற வால்வு." ஜமால்தீன் கையைத் துடைத்துக்கொண்டான். "சூடாகி நல்லா ஓடேக்க, போற புகையில கொஞ்சத்த இது திரும்ப எஞ்சினுக்குள்ள விடும். வேகம் குறைஞ்சா மூடோணும். மூடாட்டி எஞ்சினுக்கு மூச்சு முட்டும், நிண்டிடும். தம்பலகாமத்தில இருந்து இழுத்துக்கொண்டு வாறீங்க, செக்பொயின்ற்றில வந்துதானே முதல் முதலா குறைக்கிறீங்க."

சந்தோஷப்பட அவளுக்குத் துணிவு வரவில்லை. விளக்கு ஒரு பிழையைச் சொல்லலாம். கால் இன்னொரு பிழையைச் செய்யலாம்.

"அது சரி நானா. ஆனால் பயத்தில என்ர கால் கிளச்சை விடுறதும் காரணமா இருக்கலாம்," என்றாள்.

"அப்ப காலையும் பாத்திடுவம். செருப்பைக் கழட்டிட்டு ரெண்டையும் சீற்றுக்கு மேல வைங்க."

பந்தியில் உட்காருவதுபோலச் சேலையைச் சுருட்டிக்கொண்டு சம்மணமிட்டாள். ஜமால்தீன் கையாலேயே முடுக்கிப் பிடித்திருக்க, திறப்பைத் திருகினாள். எஞ்சின் உறுமியது. அவன் கையை எடுத்தான். அதே உதறல், அதே இருமல். அணைந்தது.

"கால் எங்க?"

"மேல," என்றாள்.

வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினான். அடிப்பிடித்த சோறுபோல உள்ளே கரி அப்பியிருந்தது. அதில் ஒரு துண்டு வால்வின் வாயில் சிக்கி, மூடவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

"எஞ்சினப் போட்டபடி செக்பொயின்ற் வரிசையில கிடக்கிறீங்கதானே, அதில சேர்ந்த கரிதான் இது," என்றபடி பெற்றோலில் ஊறவைத்துத் தூரிகையால் சுரண்டினான்.

திரும்பப் பூட்டிய பிறகு எஞ்சினைச் சூடாக்கி, முடுக்கி, கையை விட்டான். அணையவில்லை. சீராக, சலிப்பில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அதிர்வு இருக்கை வழியாக மடித்த கால்களில் ஏறியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவும் முடியவில்லை.

"இறங்கு லோசனி, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்."

சோமசேகரம் அவளுடைய செருப்பை எடுத்து நீட்டினான். "அப்ப நான் பேசி வச்ச றைவரை வரவேண்டாமெண்டு சொல்லிவிடுறன்," என்றான்.

"ஓம். சொல்லிவிடுங்கோ."

மறுநாள் பள்ளி விட்டுத் திரும்பும்போது அதே சாவடி வந்தது. வேகத்தைக் குறைத்தாள். ஆசிரியைகள் வழக்கம்போல இறங்கி அடையாள அட்டைகளோடு நடந்துபோனார்கள். சிப்பாய் அவளைப் பார்த்தான். கால் நடுங்கியது.

கரியோடு பயமும் போய்விடும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தாள் போலும். போகவில்லை. ஆனால் வானும் நிற்கவில்லை. இந்தக் கால் கிளச்சை ஒருநாளும் விட்டதில்லை. நடுங்கிக்கொண்டே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவளுக்கு அதன்மேல் ஒரு பிரியம் வந்தது.

சாவடிக்கு அப்பால் ஆசிரியைகள் ஏறிக்கொண்டார்கள்.

"இண்டைக்கு நிக்கேல்லையே, பிள்ளை," என்றார் கமலாதேவி ரீச்சர், கதவை இழுத்துச் சாத்தியபடி.

"நிக்காது ரீச்சர்," என்றாள். கால் இன்னும் அடங்கவில்லை. அதற்காகக் காத்திராமல் கியரைப் போட்டாள்.