பெட்டிக்குள் வைத்த துணி

செவலைக்குக் கண் திறக்காத நாளிலிருந்து பால் புகட்டியவள் ராஜமேரி. தாய் நாய் லாரியில் அடிபட்டுச் செத்ததும், மிஷன் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் அடுப்போரம் சாக்கு விரித்து, பஞ்சுத்திரியை ஆட்டுப்பாலில் நனைத்து நனைத்துச் சப்பக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து, மாரண்டஹள்ளியிலிருந்து வார்டு வேலைக்கு லூர்து மேரி வந்தாள். மூன்றாம் நாளே குட்டி அவள் காலைச் சுற்றத் தொடங்கியது.

"என்னா மருந்து வெச்ச?" என்றாள் ராஜமேரி, சிரிப்பது போல.

"ஒண்ணும் வெக்கிலீங்கக்கா. அதுவா வருது."

அந்த 'அதுவா வருது' ராஜமேரியின் நெஞ்சில் மிளகாய் அரைத்தது.

அந்த வருஷம், அறுபத்தொன்பதில், ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா தன் நாட்டுக்கே திரும்புவதாக ஏற்பாடாயிற்று. அவருக்கும் செல்லமாகிவிட்ட செவலையும் கூடப் போகிறது, பிளேனில். பிளேன் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய காகிதத்தை அவர் படித்துச் சொல்லச் சொல்ல, டிரைவர் சவரி எல்லாம் செய்தான். குட்டி நிற்கவும் திரும்பவும் இடமுள்ள மரப்பெட்டி. காற்றுக்கு ஓட்டைகள். தருமபுரி மாட்டு டாக்டரிடம் ஊசி, சர்ட்டிபிகேட். பிளேன் சத்தம் பழக வேண்டுமென்று, பெட்டியைக் கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எஞ்சின் தடதடத்ததும் செவலை ஊருக்கே கேட்கக் கத்தியது.

ராஜமேரி ஓடினாள். "செவல, செவல, நான் இருக்கேன்டா!"

இன்னும் கத்தியது. லூர்து வந்து பெட்டிமேல் கையை வைத்து உட்கார்ந்தாள். அடங்கிவிட்டது.

"ஒன் கொரலு எஞ்சின வுட பெருசுக்கா. அதான் பயந்துக்கிச்சு" என்றான் சவரி.

"வாடா, மத்தியானம் சோத்துக்கு வருவயில்ல? வெச்சிக்கறேன்."

கடைசி வாரம் டாக்டரம்மா தன் தமிழில் கேட்டார்: "பெட்டி உள்ளே பழக்கமான ஆள் துணி வேணும். வாசனைக்கு. யார் துணி?"

ராஜமேரியின் கை தன் முந்தானைக்குப் போயிற்று.

"லூர்து துணிதாங்கம்மா" என்றான் சவரி. "பெங்களூர் வரைக்கும் அவளும் வந்தாத்தான் சரிப்படும்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ராஜமேரி உள்ளே போனாள். குட்டி போகத்தான் போகிறது. போகிற இடத்தில் அது யாரை நினைத்துத் தூங்கும்?

பயணத்துக்கு முந்தின சாயங்காலம் எல்லோரும் ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். ராஜமேரி பெட்டியிலிருந்து லூர்துவின் பழைய தாவணியை உருவினாள். தன் நூல்சேலையில் பாதியைக் கிழித்து, மடித்து உள்ளே வைத்தாள். தாளிப்பும் புகையும் ஏறிய சேலை. தாவணியை அடுப்பில் போட்டாள். எரிந்து முடியும்வரை நின்று பார்த்தாள்.

விடியுமுன் ஜீப் கிளம்பியது. அன்று அவள் ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஜீப் திரும்பிவிட்டது. சவரி இறங்கும்போதே புலம்பினான். "கிருஷ்ணகிரி வரைக்கும் கத்தி உசுர வாங்கிருச்சுக்கா! நம்ம வூட்டு நாயான்னு ஆயிப்போச்சு. அப்பறம் இந்தப் புள்ள, கட்டியிருந்த கிறிஸ்துமஸ் சேலையோட தலைப்பக் கிழிச்சு உள்ள போட்டா. பொட்டுனு தூங்கிருச்சு. தூக்கத்துலயே பிளேன் ஏத்தியாச்சு."

லூர்து பின்னால் நின்றாள். சேலைத் தலைப்பு முழங்கை வரைக்கும்தான் இருந்தது. கையில் மடித்த துணி.

"உங்க துணி தவறிப் பொட்டிக்குள்ள வுழுந்திருச்சுங்கக்கா" என்று நீட்டினாள்.

தன் தாவணி எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ராஜமேரி உள்ளே போய்த் துணியை விரித்தாள். குட்டி மூத்திரம் பெய்திருந்தது. செவலை மயிர் நாலைந்து ஒட்டியிருந்தது. துவைக்காமல் அப்படியே சுருட்டித் தகரப்பெட்டியின் அடியில் வைத்தாள்.

சாப்பாட்டு வேளையில் எல்லோருக்கும் நல்ல களியாக உருட்டிப் போட்டாள். லூர்துவின் தட்டில் மட்டும் பானையின் அடியைச் சுரண்டிப் போட்டாள், கருகல் வாடையோடு.

லூர்து ஒரு வாய் தின்றாள். "நல்லாருக்குங்கக்கா" என்றாள்.

அதையும் ராஜமேரியால் பொறுக்க முடியவில்லை.