எட்டுக் கேள்விக்கு முப்பத்தொன்று

பெற்றோரிடமிருந்து பிரித்து அரசு ஒப்படைக்கும் வளர்ப்பு வீடுகளில் வளரும் எங்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். சமூகப் பணியாளர் வினாத்தாளை நீட்டினால், 'இல்லவே இல்லை' என்ற கட்டத்தில் வரிசையாக டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட வேண்டும். மூன்று வீடுகளில் அப்படித்தான் தப்பித்தேன். நான்காவது, இப்போதைய வளர்ப்புத் தாய் லொரேனின் வீடு. வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு உரிப்பது என் வேலை. அடுப்பில் கருகிய ஓரத்துண்டு யாருக்கு என்று அவளோடு சண்டை போடுவதும் என் வேலைதான். பதினெட்டு வயது வரை அங்கேயே இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஃபியோனா என் சமூகப் பணியாளர். ஒரு தடவைகூட நேரத்துக்கு வந்ததில்லை, ஆனாலும் நல்லவள் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று சூப்பர்மார்க்கெட் வாசலில் காரை நிறுத்திவிட்டு, எட்டுக் கேள்விகள் இருந்த தாளைக் கொடுத்தாள். சின்ன வயதில் நடந்த கொடுமை கடந்த ஏழு நாளில் எத்தனை தடவை நினைவுக்கு வந்தது என்று கேட்டது முதல் கேள்வி.

"இந்தத் தடவையாவது உண்மையச் சொல்லு கீலி. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டா, உனக்கு ஒண்ணுமே நடக்கலைன்னு ஆயிடும்."

"யார் யார் பாப்பாங்க?"

"மனநலச் சிகிச்சை குடுக்குறவங்க மட்டும்தான்."

நம்பினேன். அப்போது அம்மாவோடு வாழ்ந்த ஆள் படியேறி வரும் சத்தம் லொரேன் வீட்டில்கூட எனக்கு இன்னும் கேட்கிறது என்பதை முதல் முறையாக ஒப்புக்கொண்டேன். ஃபியோனா மதிப்பெண்ணைக் கூட்டினாள்: நாற்பதுக்கு முப்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் இவ்வளவு வாங்கியதே இல்லை என்று ஜோக் அடித்தேன். ஃபியோனா சிரிக்கவில்லை. பதினேழு வந்தாலே கவனிக்க வேண்டுமாம்.

மூன்று வாரம் கழித்து என்னைப் பற்றிய ஆறு மாதக் கூட்டம். மேஜையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு கட்டுக் காகிதம். கடைசித் தாள் என்னுடையது, என் டிக்குகளோடு. கோப்பில் இருப்பதையெல்லாம் நகல் எடுத்துக் கொடுப்பது அலுவலக வழக்கம். யாரும் யோசிக்கவில்லை. லொரேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"இவ்வளவு மோசம்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே," என்றாள், என்னைப் பார்க்காமல். "அடுத்த மாசம் எம்மக பச்சக் குழந்தையோட வர்றா."

"நான் குழந்தைய என்ன பண்ணப் போறேன் லொரேன்?"

"நீ பண்ணுவேன்னு சொல்லல கண்ணு."

சொல்லவில்லைதான். இருபத்தெட்டு நாளில் என்னை வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லி மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் எனக்குப் பிடித்த மீனும் சிப்ஸும் வாங்கி வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

புது வீட்டுக்கு ஃபியோனாதான் காரில் கூட்டிப் போனாள்.

"சிகிச்சை எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டேன்.

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "வீடு மாறுற சமயத்துல ஆரம்பிக்க மாட்டாங்களாம். நீ ஒரே இடத்துல நிலையா இருக்கணுமாம். அப்புறம் மறுபடி எழுதிப் போடலாம்."

"நிலையாத்தானே இருந்தேன்," என்றேன். "நீங்க உண்மையச் சொல்லச் சொல்ற வரைக்கும்."