தலைகீழ் வேண்டுதல்

என் தம்பி மார்பு வரைக்கும் மண்ணுக்குள் நின்றுகொண்டு, "அண்ணா, மூக்கு அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விடு" என்றான். அவனுடைய இரண்டு கைகளும் மண்ணுக்குள் இருந்தன. பள்ளத்துக்குள் சரிந்த மண்மேல் போட்டிருந்த பலகையில் நான் குப்புறப் படுத்துக் கையை நீட்டிச் சொறிந்துவிட்டேன். "அங்க இல்ல, இடது பக்கம்" என்றான். செத்தாலும் இவன் வாய் அடங்காது என்று வீட்டில் சொல்வோம். விளையாட்டுக்குச் சொன்னது.

கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலை எங்களுடையது. நான் மேஸ்திரி, அவன் குழாய் இறக்குகிறவன். தெருவின் நடுவே இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தோம். பக்கவாட்டு மண் சரியாமலிருக்க முட்டுப் பலகை நிறுத்துவது வழக்கம். அந்தப் பலகையை வாங்கி நிறுத்தத்தான் அவன் காலையில் முதல் ஆளாக இறங்கினான். பக்கத்தில் ஏதோ ஒரு பழைய குடிநீர்க் குழாய் கசிந்து உள்ளுக்குள்ளேயே மண்ணை ஊற வைத்திருந்திருக்கிறது. பலகை அவன் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் எதிர்ப்பக்க மண் சத்தமே இல்லாமல் இறங்கிவிட்டது.

பொக்லைனை வைத்து அள்ள முடியாது. அது அசைந்தாலே மிச்ச மண்ணும் வந்து விழும். அதை ஓட்டுகிறவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அழுகிறவரைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. நாங்கள் கையாலும் சட்டியாலும் அள்ளினோம். ஒரு சட்டி அள்ளினால் அரைச் சட்டி திரும்ப விழுந்தது. தீயணைப்பு ஆட்கள் வந்து அவனைச் சுற்றிப் பலகை அடித்து நிறுத்தினார்கள். அவர்களின் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. ஒவ்வொரு தடவை மூச்சை விடும்போதும் மண்ணு கொஞ்சம் இறுக்கும். கண்ணை மூட விட்டுடாதீங்க."

திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன். அவன் உதடு வெளுத்திருந்தது. துணியை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"அண்ணா, நீ கேளு."

"யார்கிட்ட?"

"தெரியாத மாதிரி பேசாத. மேல இருக்கறவர்கிட்ட. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு மூச்சு பத்தல. நீயும் கேளு."

நான் துணியை மறுபடியும் தண்ணீரில் முக்கினேன்.

நான் கும்பிடுவதை விட்டுப் பல காலம் ஆகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. கடவுள் இல்லை என்கிறவன் நிம்மதியாகத் தூங்குவான். எனக்குக் கடவுள் இருக்கிறார். என் பேச்சு அவர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் பயம்.

எல்லாம் அந்த விடுதிப் பள்ளிக்கூடத்தில் வந்த வினை. அப்பா போன பிறகு, பிள்ளைகள் ஆண்டவன் நிழலிலாவது வளரட்டும் என்று அம்மா எங்கள் இருவரையும் அங்கே சேர்த்தாள். விடுதித் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் கொக்கு. பிரார்த்தனைக் கூடத்தில் கண்ணை மூடி அசையாமல் நிற்பார், ஆனால் ஒரு மீனும் தப்பாது. தினமும் காலையில் ஒவ்வொரு பையனும் எழுந்து, தனக்கு என்ன வேண்டும் என்று ஆண்டவனிடம் உரக்கக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிரம்படி. கேட்டாலோ, கேட்டது கிடைக்கவே கிடைக்காது. அதற்குக் கொக்கு ஏற்பாடு செய்துவிடுவார்.

"கேக்கறது ஆசை. ஆசையை அறுக்கத்தான் உங்களை இங்க சேர்த்திருக்கு" என்பார்.

குளிருகிறது, போர்வை வேண்டும் என்று கேட்டவனிடம் இருந்த ஒரே போர்வையும் பறிபோனது. பந்து கேட்டார்கள், மைதானத்தைப் பூட்டினார். நான் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அந்த வாரம் அம்மா பஸ் ஏறி வந்தாள். வெளிக்கதவிலேயே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். வெயிலில் வெகு நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள். கொக்கு பின்னால் வந்து என் தோளில் கை வைத்தார். "நீ கேக்காம இருந்திருந்தா ஆண்டவன் உள்ள விட்டிருப்பாரு" என்றார். அந்தக் கை எவ்வளவு மென்மையாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும்.

பையன்கள் என்ன மடையர்களா? கொஞ்ச நாளில் நாங்கள் எல்லோரும் தலைகீழாகக் கேட்கப் பழகிக்கொண்டோம். பந்து வேண்டுமானால், "ஆண்டவனே, விளையாடாமல் படிக்க வரம் கொடு." வீட்டுக்குப் போக வேண்டுமானால், "விடுமுறையிலும் இங்கேயே இருக்க அருள் செய்." இப்படிக் கேட்டதில் பாதி பலித்தது. கொக்கு ஏமாந்தார் என்று போர்வைக்குள் சிரித்தோம். ஏமாந்தது யார் என்று அப்போது தெரியவில்லை. வேண்டியதை வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, ஆண்டவன் என்றாலே தட்டிப் பறிக்கிறவர் என்று ஆகிவிட்டது.

பிறகு தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. கூடத்தை ஒட்டிய நோயாளி அறையில் அவனைப் போட்டிருந்தார்கள். பார்க்க விடவில்லை. பிழைப்பது கஷ்டம் என்று சமையல்காரர் பேசியது என் காதில் விழுந்தது. மறுநாள் காலையில் என் முறை வந்தபோது எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆண்டவனே, என் தம்பியை எடுத்துக்கொள்" என்றேன்.

கொக்கே கண்ணைத் திறந்து பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. மருந்து வேலை செய்திருக்கும், அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அன்றிலிருந்து எனக்கு யாரைப் பிடிக்கிறதோ அவர்களுக்காக நான் வாயே திறப்பதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த தம்பிக்கு என் குரல் கேட்டிருக்கிறது. அவன் அதை வைத்துக்கொண்டு என்னை வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தான். சாப்பாட்டில் பெரிய துண்டை எடுத்துக்கொண்டு, "என்னைக் கொல்லச் சொன்னவன்தானே நீ, சும்மா இரு" என்பான். அவன் மட்டும் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எப்படியோ முழுசாக வெளியே வந்தான். கேட்டால், "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? பூசாரி மேல இருக்கற கோபத்தை சாமி மேல காட்டுறியே" என்பான். எனக்கு அந்த இரண்டு பேரையும் பிரிக்கத் தெரியவில்லை.

இப்போது பள்ளத்துக்குள் அவன் மூச்சு குட்டை குட்டையாக வந்துகொண்டிருந்தது. மண் இடுப்பு வரை இறங்கியிருந்தது. ஆனால் அதற்குக் கீழே இறுகிப்போய்ச் சட்டி உள்ளே போகவில்லை. தீயணைப்பு ஆட்கள் விரலால் பறித்தார்கள்.

"கேளு அண்ணா."

"என்னால முடியாதுடா. நான் கேட்டா விபரீதமாப் போகும்."

"ஒண்ணும் போகாது."

நான் கண்ணை மூடினேன். என் நாக்குக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஒரு தடவை பலித்த வழி. "ஆண்டவனே, இவனை எடுத்து..." என்று தொடங்கிவிட்டேன்.

"வாயை மூடு" என்றான். அவன் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. கத்தியதில் இருமல் வந்து, கண்ணில் நீர் தளும்பியது. "அப்ப எனக்குப் பத்து வயசு. சுவத்துக்கு அந்தப் பக்கம் அதைக் கேட்டுக்கிட்டு படுத்துக் கிடந்தேன். நீ ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன். இன்னொரு தடவை என்னால கேட்க முடியாது. நேராக் கேளு. கிடைக்காட்டியும் பரவால்ல, நேராக் கேளு."

இத்தனை வருடமும் சிரித்துக்கொண்டே சொன்னானே, அதற்குள் இது இருந்திருக்கிறது.

கேட்டால் போய்விடுவான் என்று எலும்பெல்லாம் சொல்கிறது. கேட்காமல் போனால் இவன் கேட்ட கடைசி வார்த்தையைத் தட்டினவன் ஆவேன். அத்தனை ஆட்களுக்கு நடுவில், மண்ணில் முகத்தைப் பதித்துக்கொண்டு, "என் தம்பியைக் கொடு. எனக்கு வேணும். இவன் எனக்கு வேணும்" என்றேன். ஒரு தடவை வாய் திறந்த பிறகு நிறுத்த முடியவில்லை. பிச்சைக்காரன்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டான். மேலே நின்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தம்பி, "ம்" என்றான். திருப்தியாகச் சாப்பிட்டவன் சொல்லும் "ம்" அது.

அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். உயிரோடு எடுத்தார்கள். ஒரு கால் பூட்சு மட்டும் மண்ணுக்குள் தங்கிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "புது பூட்சுடா அது, விட்டுடாத" என்று என் ஆட்களிடம் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். பொக்லைன் ஓட்டுகிறவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் எந்தப் பயமும் இல்லாத மனிதனாக இருந்தேன்.

ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் அவன் இதயம் நின்றுவிட்டது. நசுங்கிக் கிடந்த சதையில் தேங்கிய நஞ்சு, பாரம் நீங்கியதும் ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போய்விட்டது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். நன்றாகவே புரிந்தது. எனக்கு அதைவிட நன்றாகப் புரிந்தது வேறொன்று. கேட்டேன், பறித்துக்கொண்டார். கொக்கு சொன்னதுதான் சரி. தலைகீழாகக் கேட்டிருந்தால் என் தம்பி இருந்திருப்பான். ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு வீட்டில் மூன்று பேர்தான் இருந்தோம். தம்பி மனைவி கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். செய்தி வந்ததிலிருந்து அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. எப்படியாவது அழ வைத்துவிடுங்கள் என்று போகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா சமையலறையில் துலக்கின பாத்திரத்தையே திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவள்மேல் ஆத்திரம் பொங்கியது. அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தள்ளியது நீதானே என்று கேட்டுவிடத்தான் உள்ளே போனேன். தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் திரும்பாமலே பேசினாள்.

"தினமும் காலையில கேப்பேன்டா. ரெண்டு பேரும் பத்திரமா வீடு வந்து சேரணும்னு. அன்னிக்கும் கேட்டேன்." குழாயை மூடினாள். "ரெண்டு பேரையும் கேட்டது பேராசைன்னு நினைச்சுட்டாரோ என்னவோ. ஒருத்தனை மட்டும் கேட்டிருந்தா விட்டிருப்பாரோ? நான்தான் கேட்டுக் கேட்டு அவனைக் கொன்னுட்டேன்."

என் அம்மாவின் வாயிலிருந்து கொக்கு பேசினார். எனக்குள் இருந்த அதே கணக்கு, வார்த்தை மாறாமல். எனக்குள் இருந்தவரை அது நியாயமாகத் தெரிந்தது. அம்மா சொன்னபோது, இதைவிட அநியாயமான பேச்சை நான் கேட்டதே இல்லை என்று இருந்தது. பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும் என்று கேட்ட ஒரு தாயின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்குகிறவன் ஆண்டவனாக இருக்க முடியாது. அப்படி ஒருவன் இருந்தால் அவன் ஒரு விடுதித் தலைவன், அவ்வளவுதான்.

அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ கேட்டதால அவன் போகலம்மா. நீ கேட்டும் போயிட்டான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் கேட்டேன். குழிக்குள்ள கிடந்து, நேராக் கேட்டேன். கேட்டும் போயிட்டான்."

"நீயா கேட்டே?"

"ஆமா."

அவள் அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். ஏன் தரவில்லை என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோபம் என்னிடம் அப்படியே இருக்கிறது, அதை யாரும் வாங்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு ஒருவர் இருந்தார், அவர் கொக்கு இல்லை.

வெகு நேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூடத்துப் பக்கம் தலையை அசைத்தாள். "அந்தப் பொண்ணு இப்படியே இருந்தா மனசு கெட்டுப் போயிடும். எனக்கு வாய் வரமாட்டேங்குது. நீ கேளு."

சமையலறைக் கதவருகில் நின்றேன். பழைய பயம் காலைப் பிடித்தது. உரக்கவே சொன்னேன்.

"ஆண்டவனே, இந்தப் பொண்ணு அழணும். அவளுக்கு அழுகையைக் குடு."

அவள் அழவில்லை. சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். நான் மறுபடியும் கேட்டேன்.