மூன்று நாள் வளர்ப்பு

ஐஸ் பெட்டியின் ஒயரை வேறு பிளக்கில் மாட்டிவிட்டு ரஞ்சிதா திரும்பியபோது, அப்பாவின் தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தை வேறொரு பெண் பிடித்திருந்தாள். இருபத்திநாலு வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை. பெட்டியின் கண்ணாடி மேல் கை வைத்து, தாத்தா தாத்தா என்று தேம்பினாள்.

அப்பா திம்மப்பனுக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது. ரஞ்சிதா ஒரே மகள். அவளுக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்துபோனது.

அந்தப் பெண் தன் பெயர் மோகனப்ரியா என்றாள். பர்கூர்க்காரி, ஓசூரில் வேலை. சோதனைக்குழாய்க் குழந்தையான அவளை, கருவாகத் தாயின் வயிற்றில் வைப்பதற்கு முன்பு, பெங்களூர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் மூன்று நாள் வளர்த்தவர் திம்மப்பன். ஓய்வுபெற்று அவர் இங்கே இருப்பதை அம்மா விசாரித்துச் சொல்ல, இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் வந்து பேசிக்கொண்டிருந்தாளாம்.

ஞாயிறு என்றதும் ரஞ்சிதாவுக்குச் சுருக்கென்றது. கருவுக்கு லீவு நாள் தெரியாது என்று சொல்லி எல்லா ஞாயிறும் ஆய்வகத்துக்குப் போனவர் அப்பா. அவளுக்கு அம்மை போட்டிருந்தபோதும் போனார். அவள் பிறந்ததையே மறுநாள்தான் வந்து பார்த்தார். ஓய்வுபெற்ற பிறகும், கிருஷ்ணகிரியிலிருந்து அவள் போன் செய்தால், சாப்பிட்டாயா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

"உங்கிட்ட அப்படி என்ன பேசுவாரு?"

"என்னை எட்டு செல்லா இருக்கறப்பவே பாத்தாராம்க்கா. நாங்க எதையும் உண்டாக்கலம்மா, சூடு கொறையாம, வெளிச்சம் படாம காவல் இருந்தோம், அவ்ளோதான்னுவாரு. அங்க வளக்கற கருவுல பாதிக்கு மேல வளராமலே நின்னுடுமாம். ஏன்னு கடைசி வரைக்கும் முழுசா புரியலன்னாரு." கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்கு ரெண்டு தரம் ஆனதைச் சொல்லி அழுதாருக்கா. ஊருக்கெல்லாம் பண்ணேன், எம் பொண்ண எங்க ஆஸ்பத்திரிக்கு வாம்மான்னு கூப்புட வாய் வரலன்னாரு. எங்கையிலயும் நின்னுபோச்சுன்னா அவ மூஞ்சிய எப்படிப் பாப்பேன்னு பயமாம்."

அந்த இரண்டு முறையும் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து சாத்துக்குடி உரித்து வைத்தார். ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். கல்நெஞ்சு என்றுதான் ஆறு வருடமாக அவள் நினைத்திருந்தாள். அழுதிருக்கிறார். அவளுக்கு வரவேண்டிய அந்த அழுகையையும் இவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வேப்பனப்பள்ளியிலிருந்து வந்திருந்த சித்தப்பா நாராயணப்பன், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளை முறையில் யாராவது உண்டா என்று கேட்டுக்கொண்டு வந்தார். அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்ததும், இந்தப் பொண்ணு பிடிக்கட்டுமே என்றார். மோகனப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேணாம் சித்தப்பா. நான் புடிக்கறேன்."

மகள் பிடிக்கிற வழக்கமில்லை என்று யாரோ முனகினார்கள். ரஞ்சிதா பந்தத்தை வாங்கிக்கொண்டு மூன்று சுற்று வந்தாள். நெய் சொட்டி மணிக்கட்டைச் சுட்டது. அவள் கையை மாற்றவில்லை.

அப்பாவை ஏற்றிய வண்டி மெயின் ரோட்டில் திரும்பி மறைந்ததும், பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். மோகனப்ரியா பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, அவர் கிடந்த இடத்தில் விளக்குமாற்றைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ரஞ்சிதா போய் விளக்குமாற்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். குனிந்து தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்தாள். பிறகு நிமிராமலே, தண்ணீர் வாளியைக் காலால் அவள் பக்கம் நகர்த்திவிட்டாள்.